மைவியை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை. பாலம் வழியாகப் போய்வர தினமும் 50 கிலோமீட்டர். என் பெட்ரோல் கார் மைவிக்கு 9 வயது, நன்றாகவே ஓடுகிறது. மின்சாரக் காரில் புகையே இல்லை என்கிறார் ஏஜெண்டு. கரண்டே நிலக்கரியில்தான் வருகிறது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. ஏஜெண்டு சொல்வது பாலத்து நெரிசலில் மட்டும் சரி. அங்கே உங்களுக்குப் பின்னால் நிற்கும் மோட்டார்காரர் உங்கள் புகையைக் குடிக்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மலேசியத் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. உங்கள் 50 கிலோமீட்டருக்கு மைவி மூன்றரை லிட்டர் குடித்தால் சுமார் 8 கிலோ கரியமில வாயு. மின்சாரக் கார் 8 யூனிட் (கிலோவாட்-மணி) இழுத்தால், மின்நிலையத்தில் சுமார் 6 கிலோ. மிச்சம் இரண்டு கிலோ. 60 யூனிட் பேட்டரியைச் செய்வதற்கே ஏறக்குறைய நாலு டன் வெளியாகிறது. அதை ஈடுகட்ட உங்களுக்கு ஆறேழு வருடம் ஆகும். நிலக்கரியை 2044க்குள் நிறுத்துவோம் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கூரையில் சோலார் போட்டால் கணக்கு மாறும் என்று அடுத்த ஏஜெண்டு வருவார். பகலில் உங்கள் கார் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. இரவு பத்து மணிக்குச் செருகினால் வருவது அதே நிலக்கரிக் கரண்டுதான். வீட்டில் யாராவது நைட் ஷிப்ட் பார்த்து, கார் பகலெல்லாம் வீட்டில் நின்றால் மட்டும் கதை வேறு. அப்போதும் சார்ஜ் வேகத்தை 2 கிலோவாட்டுக்குக் குறைத்து, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை விடுங்கள். அன்றைய ஓட்டத்துக்கு அது போதும். வேகத்தை 7 கிலோவாட்டில் வைத்தால் சாதாரண வீட்டுக் கூரை அவ்வளவு தராது, மீதியை வெளி மின்கம்பியிலிருந்து இழுக்கும். மழை நாளில் எப்படி வைத்தாலும் கம்பிதான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பழைய பேட்டரி. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கொட்டகையில் ஒரு பேட்டரிப் பெட்டியைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற ஹைவோல்ட்டேஜ் கேபிளை கிரைண்டர் வைத்து அறுத்திருந்தார்கள். மூடி உப்பியிருந்தது, தகரக் கூரையிலிருந்து அதன்மேல் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் அந்தச் சந்தே போய்விடும். லித்தியம் பேட்டரிக் கழிவு, மலேசியாவின் 2005 சுற்றுச்சூழல் விதிமுறைகளில் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தான கழிவு. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். இருபது வருடச் சட்டம், ஷோரூமில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை! “நல்ல விலைக்கு எடுத்துக்கிறோம்” என்று வரும் தரகரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

அதனால் மைவி ஓடும்வரை ஓட்டுங்கள். டயர் காற்றை மாதம் இரண்டு தடவை பாருங்கள். மாற்றும் நாள் வரும்போது மின்சாரக் காரே வாங்குங்கள், சின்ன பேட்டரியாக. 50 கிலோமீட்டருக்குப் பெரியது எதற்கு? நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா என்று கேளுங்கள். புக்கிங் பணம் கட்டுமுன், பேட்டரி ஆயுள் முடிந்தால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.