கணினி நிறுக்கும், கழிவை யார் போடுவது?

கேள்வி: உயர்தரப் பரீட்சையை வர்த்தகப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். வணிக முகாமைத்துவப் பட்டம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கொழும்பில் வேலை செய்யும் தாய்மாமா, "இனி முகாமையாளரின் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். நான்கு வருடத்தை வீணாக்காமல் ஆறு மாத ஐ.டி. கோர்ஸ் ஒன்றைச் செய்" என்கிறார். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவருடைய உழைப்பை வீணடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: உங்கள் மாமா கணினியைப் பற்றியும் முழுதாகத் தெரிந்துகொள்ளவில்லை, முகாமைத்துவத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளவில்லை. கொழும்பில் இருப்பதால் மட்டும் இரண்டும் வந்துவிடாது. ஆனால் மருமகள் மீது அவருக்குள்ள அக்கறை மெய்யானது. ஆகவே அவரைக் குறைசொல்வதை இத்துடன் நிறுத்திவிட்டு, உங்கள் அம்மா கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நிற்கும் இடத்துக்கு வருகிறேன்.

பல தேயிலைத் தோட்டங்களில் இப்போது கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. சாக்கைக் கொளுவியதும் இலக்கங்கள் துள்ளி, ஓர் எண்ணில் நிற்கும். 18.6 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் பெயருக்கு நேரே அந்த 18.6 அப்படியே விழுமா? விழாது. சாக்கின் எடைக்கு என்று கொஞ்சம், மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று கொஞ்சம், முற்றல் இலைக்கு என்று கொஞ்சம் கழிவு போகும். மிச்சம்தான் கணக்கில் ஏறும். அன்றைக்குரிய கிலோ எட்டாவிட்டால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, அரைப்பேராகும். ஆகவே கழிவாகப் போகும் ஒன்றிரண்டு கிலோ, அரை நாள் கூலியாகவும் இருக்கலாம். கணக்கப்பிள்ளை முள்ளுத்தராசைப் பார்த்துக் கொப்பியில் எழுதிய காலத்திலும் இந்தக் கழிவுச் சண்டை இருந்தது. தராசு மாறிய பிறகும் இருக்கிறது. ஏன்? தராசு நிறுக்க மட்டுமே செய்கிறது. கழிவு எவ்வளவு என்பதை ஓர் ஆள்தான் எங்கோ ஒரு மேசையில் இருந்து தீர்மானித்து அதற்குள் போட்டிருக்கிறார்.

அந்த அளவை எதை வைத்துப் போட்டார்? வெயில் நாளுக்கும் அடைமழை நாளுக்கும் ஒரே கழிவா? கணக்குப் பிழை என்று பறிப்பவர் சொன்னால் அதை யார் விசாரிப்பது, எத்தனை நாளுக்குள்? முகாமைத்துவம் என்பது இந்தக் கேள்விகள்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று இதையெல்லாம் நீங்கள் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெரிய பெரிய தலைப்புகள் உண்டு, அவ்வளவுதான்.

"கணினியே பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மாமாவிடம் சொல்ல ஒரு கதை தருகிறேன். நம்மை ஆண்ட நாட்டில் நடந்தது. பிரித்தானியத் தபால் நிறுவனம் 1999இல் தன் உப தபாலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தியது. செய்து கொடுத்தது புஜிட்சு என்ற பெரிய கம்பனி. கொஞ்ச நாளில் கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. பெட்டியில் பணம் இருக்கிறது, திரையில் இல்லை. உப தபாலதிபர்கள் முறையிட்டார்கள். மேலிடம் மென்பொருளை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. "வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள். பலர் சொந்தப் பணத்தைப் போட்டுக் குறையை நிரப்பினார்கள். திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். மென்பொருளில்தான் பிழை என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்து குற்றத் தீர்ப்புகளை நீக்கியது.

அங்கே மென்பொருள் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முறைப்பாடுகள் வந்து குவியும்போது, "இத்தனை பேர் ஒரே நேரத்தில் எப்படித் திருடர்களானார்கள்?" என்று கேட்கும் முகாமையாளருக்குத்தான் பஞ்சம். பட்டம் பெற்றவர்கள் அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் என்று மாமா மடக்கலாம். மடக்கட்டும். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முகாமையாளராகிவிட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொழில்நுட்பம் ஒரு பக்கம், முகாமைத்துவம் மறுபக்கம் என்று பிரித்துப் பேசுவதே பிழை. உலகத்துக் கணக்காளர்கள் எல்லாரும் இன்று எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த வகை மென்பொருளின் மூத்தது விசிகல்க். அதற்கு யோசனை பிறந்தது 1978இல், ஹார்வர்ட் வணிகப் பாடசாலையின் ஒரு வகுப்பறையில். விரிவுரையாளர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்ற முகாமைத்துவ மாணவர், இது தானாக மாறினால் என்ன என்று யோசித்தார். பொப் பிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து செய்தார், 1979இல் விற்பனைக்கு வந்தது. பிரிக்லினுக்கு நிரல் எழுதவும் தெரியும், கணக்குப் பார்ப்பவரின் கை எங்கே வலிக்கிறது என்பதும் தெரியும். மாமாவின் ஆறு மாதக் கோர்ஸ் இதில் முதல் பாதியைக்கூட முழுதாகத் தராது.

நமக்குப் பக்கத்திலும் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. தரகர் கூவ, வாங்குபவர் விலை கேட்க, சுத்தியல் விழும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்ததும் அந்த ஏலம் இணையத்துக்குப் போனது. ஏலம் இணையத்தில் நடந்தாலும், வாங்குபவர் இன்றும் மாதிரித் தேயிலையை ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். எந்த இடத்தில் இயந்திரத்தை விடலாம், எந்த இடத்தில் நாக்கை விடக் கூடாது என்று அறிவது ஒரு படிப்பு. தவறான முடிவின் விலையும் நம் மலைகளுக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த ஆண்டு கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

இனி உங்களுக்குக் கசக்கும் பகுதி. முகாமைத்துவம் படிக்க ஏன் ஆசை என்று கடிதத்தில் நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாததால் வர்த்தகத்துக்கு வந்து, வர்த்தகம் படித்ததால் முகாமைத்துவத்துக்குப் போகிறவர்கள் மலையகத்தில் ஏராளம். அது அவர்களின் குற்றமில்லை. ஆனால் அப்படியே போய், நோட்ஸைப் பாடமாக்கி, திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்று ஒப்புவித்து வெளியே வந்தால், மாமா சொன்னது பலித்துவிடும். ஒப்புவிக்கிற வேலையை சாட்ஜிபிடி உங்களைவிட நன்றாகவே செய்யும். ஒப்படைகளையும் அதனிடமே எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டம் பெறுபவரை ஒரு கம்பனி எதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்?

ஆகவே, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இராதீர்கள். உங்கள் தோட்டத்துக் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு, பெயர்களை மறைத்துவிட்டு, மூன்று மாதக் கணக்கை எக்செல்லில் ஏற்றிப் பாருங்கள். 10ஆம் திகதி சம்பளம் கைக்கு வந்ததும் எவ்வளவு அடைபடுகிறது, மாதக் கடைசியில் எந்தச் சாமானில் கடன் ஏறுகிறது, எந்தக் கடனைக் கடைக்காரர் ஏன் கேட்காமலே விடுகிறார்? கடைசிக் கேள்விக்கு எக்செல் பதில் சொல்லாது, அவரிடம் பேசத்தான் வேண்டும். இந்த வேலையில் உங்களுக்கு அலுப்புத் தட்டினால் முகாமைத்துவத்தை விட்டுவிடுங்கள், உண்மையாகச் சொல்கிறேன். நேரம் போனதே தெரியவில்லை என்றால் மாமாவின் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

ஆங்கிலத்தை இன்றே தொடங்குங்கள். முகாமைத்துவப் பட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கில மொழிமூலம்தான். தமிழில் கணக்கீடும் பொருளியலும் படித்துத் திறமைச் சித்தி வாங்கிய பிள்ளைகள் முதலாம் ஆண்டில் திணறுவது பாடத்தால் அல்ல, மொழியால். சிங்களமும் வேண்டும், இந்த நாட்டில் ஆட்களை வைத்து வேலை வாங்கப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

அம்மாவின் பணத்தைப் பற்றிய பயம் நியாயமானது. அரச பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் உதவியும் உண்டு. அனுமதி, உயர்தரப் பெறுபேற்றை நியமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியின் அடிப்படையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பகிரப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. பேராதனையில் முகாமைத்துவ பீடம் உண்டு. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முயற்சியாண்மையோடு சேர்ந்த முகாமைத்துவப் பட்டம் உண்டு. ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் பெயர்பெற்ற இடம், போட்டியும் அதற்கேற்றபடி. வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்கில் கை நன்றாக ஓடினால் ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் தொழில்தகைமை வழியாக ஏறிப் போகலாம்.

ஒன்றில் மட்டும் கடுமையாக இருங்கள். பஸ் நிலையத்துப் பதாகையில் கோட்டு அணிந்த படத்தோடு "வெளிநாட்டுப் பட்டம்" விற்கும் இடத்துக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அல்லது உயர்கல்வி அமைச்சின் அங்கீகாரப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வரும்" என்பது அங்கீகாரம் அல்ல. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற நிறுவனங்களில் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. எந்த நிறுவனங்கள், எந்தப் பட்டங்கள் என்று அமைச்சு அறிவிக்கும். அம்மாவின் நகையை அடகு வைக்கச் சொல்லும் இடத்துக்குப் போவதற்கு முன் அந்த அறிவித்தலைப் பாருங்கள்.

பெறுபேறு வந்ததும் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்து, கற்கைநெறிகளை உங்கள் விருப்ப வரிசையில் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். இடம் கிடைப்பது அந்த வரிசைப்படிதான். மாமாவுக்கு அதற்குப் பிறகு தொலைபேசி எடுத்தால் போதும்.