படுக்கையில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் பொது மருத்துவமனை வார்டுகளிலும், பிறகு ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப்) பராமரிப்பிலும் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளிடம் கனிவாகப் பேசுவது பற்றியும், அவர்களுடைய மானம் மரியாதை கெடாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தாதிமை இல்ல ஊழியர், பிள்ளைகள், இளம் மருத்துவர், கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்.

அக்கா, தஞ்சாவூரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. தாதிமை இல்லத்தில் பராமரிப்பு ஊழியராக இருக்கிறேன். காலை ஷிஃப்ட் முழுக்க குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, ஊட்டுவது என்று ஓட்டம்தான். ஆறுதலாகப் பேச நேரம் எங்கே இருக்கிறது? (உட்லண்ட்ஸ்)

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் தம்பி. கை வேலை செய்யும்போதே வாயும் பேசினால் போதும்.

பேம்பர்ஸ் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திரையை முழுவதும் இழுங்கள். கால்மாட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போவதுதான் எல்லா வார்டிலும் நடக்கிறது. நடைபாதையில் போகிறவர் கண்ணில் படுவது அந்த இடம்தான். அடுத்து முகத்துக்கு நேராக வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஐயா, துணி மாத்திவிடவா?" என்று கேளுங்கள். இடுப்புக்கு மேலே போர்வை இருக்கட்டும். கீழே எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் திறங்கள். துடைக்கும் துணி சில்லென்று இருந்தால், "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். திருப்பும்போது, "இப்ப சுவர்ப் பக்கம் திருப்பப் போறேன், கம்பியப் புடிச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். சொல்லாமல் திருப்பினால் கீழே விழப்போகிறோம் என்று பயந்து உடம்பு விறைத்துக்கொள்ளும், உங்கள் கையை இறுகப் பிடித்துக்கொள்வார், சில சமயம் அடித்தும் விடுவார். உங்களுக்குத்தான் வேலை இழுக்கும். சொல்லிச் செய்தால் அவரே பாதி திரும்பிக் கொடுப்பார்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது அவருக்கு மேலே உங்கள் இருவரின் பேச்சு வேண்டாம். லீவு கிடைத்ததா, சம்பளம் ஏறியதா என்பதெல்லாம் ஓய்வறையில். வாடை பற்றி முகம்கூடச் சுளிக்கக் கூடாது. தன் உடம்பு நாறுகிறது என்பது அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

இன்னொன்று. மருந்து கொடுக்கப் போனால் அந்த ஒரு நிமிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைச் சோதித்து 2012ல் வெளியிட்டார்கள். மருத்துவர் ஒரு நிமிடம் சொச்சம்தான் நோயாளியிடம் இருந்தார். உட்கார்ந்து பேசியபோது ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். நின்று பேசியபோது நான்கு நிமிடம்கூட இல்லை என்றார்கள். உண்மையில் நின்றபோதுதான் அவர் சற்று அதிக நேரம் இருந்திருக்கிறார்!

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டர் வந்தால் என்னைப் பார்த்தே ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போகிறார். அம்மா நடுவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். (ஈசூன்)

நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். டாக்டருக்கு எதிரே, அதாவது கட்டிலின் மறுபுறம் நின்றால் அவர் கண் உங்களிடம்தான் வரும். அம்மாவின் தலைமாட்டில், தோளை ஒட்டி நில்லுங்கள். உங்களைப் பார்க்க நினைத்தாலும் அம்மா முகம் தாண்டித்தான் வர வேண்டும்.

டாக்டர் இரண்டு வரி சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தி, அம்மாவிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அவர் பேசி முடித்தபின் "ஒன்னுமில்லம்மா, மருந்து மாத்துறாங்க" என்று சுருக்காதீர்கள். இதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் செய்கிறோம். அம்மா சொல்வதையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும். "ராத்திரி கால் எரியுது" என்று அவர் முனகுவது நீரிழிவு நோயாளி என்றால் டாக்டருக்கு முக்கியமான செய்தி.

ஆபரேஷன், ஒப்புதல் கையெழுத்து, கெட்ட செய்தி என்றால் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ வர முடியுமா என்று கேளுங்கள். தாய்க்கு அந்தச் செய்தியைச் சொல்லும் பாரமும் அழக்கூட முடியாத நிலையும் ஒரே ஆளுக்கு வரக் கூடாது. பேரப்பிள்ளைகளை அந்த வேலைக்கு இழுக்கவே கூடாது.

என் அப்பாவை வார்டில் தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திருத்தலாமா? (பிடோக்)

கட்டாயம் திருத்துங்கள். நம் அடையாள அட்டையில் தந்தை பெயர் பின்னால் வருவதால் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டில் அருகே வெள்ளைப் பலகை இருந்தால், அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். சிலருக்கு "அங்கிள்" பிடிக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு "சார்" என்றால்தான் முகம் மலரும். அவரையே கேட்டு எழுதுங்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய். வயது எழுபத்தெட்டு. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். டாக்டர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார். நாங்கள் செய்வது தவறா? (தோ பாயோ)

பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் டாக்டர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2008ல் நிறைவேறிய மனத்திறன் சட்டப்படி, முடியாது என்று நிறுவப்படும் வரை ஒவ்வொரு பெரியவரும் தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவர்தான். தன்னால் முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க உங்களை நியமித்து அப்பா எல்பிஏ பத்திரம் செய்து வைத்திருந்தாலும், அவர் தெளிவாக இருக்கும்வரை அந்த அதிகாரம் உங்களிடம் வராது.

சட்டத்தை விடுங்கள். நடைமுறையைச் சொல்கிறேன். எத்தனை நாள் மறைப்பீர்கள்? அப்பாயின்ட்மென்ட் கடிதத்தில் 'ஆன்காலஜி', அதாவது புற்றுநோய்ப் பிரிவு, என்று அச்சடித்திருக்கும். கீமோ அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கு எங்கே?" என்று கேட்பார். பல அப்பாக்களுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் மறைப்பதைப் பார்த்து, அவர்கள் மனம் நோகக் கூடாதென்று தெரியாத மாதிரி இருப்பார்கள். நள்ளிரவு ஷிஃப்டில் எங்களிடம்தான் கேட்பார்கள்: "மிஸ்ஸி, எனக்கு எவ்வளவு நாள்?" ஊரில் இருக்கும் தம்பியிடம் பேச வேண்டும், கடனை அடைக்க வேண்டும், குலதெய்வக் கோயிலுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று அவருக்கு எத்தனையோ இருக்கும். உடம்பில் தெம்பு இருக்கும்போது செய்ய வேண்டியவை அவை.

சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யாமல், அவரிடமே கேளுங்கள். கெட்ட செய்தி சொல்ல மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் முறையிலும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்பதுதான் வரும். இப்படிக் கேட்கலாம்: "அப்பா, ரிப்போர்ட் வந்தா டாக்டர் எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா? இல்ல எங்ககிட்டப் பேசிக்கட்டுமா?" "நீயே பாத்துக்கப்பா" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அவருடைய முடிவு, அதை மதிக்கலாம். "என்கிட்டயே சொல்லச் சொல்லு" என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

சிஸ்டர், கேட்டேன். "எனக்குத் தெரியும், உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார். இப்போது அம்மாவிடம் மறைப்பதா? (அதே தோ பாயோ வாசகர்)

அப்பாவிடமே பேசுங்கள், டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ள ஓரிரு வாரம் எடுக்கும், அவசரப்படுத்த வேண்டாம். மருத்துவச் சமூக ஊழியரைக் கேட்டால் குடும்பம் முழுவதும் சேர்ந்து பேச ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார். அந்தச் சந்திப்பிலேயே ஏசிபி, அதாவது முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றியும் கேளுங்கள். எது தனக்கு முக்கியம், எது வேண்டாம் என்று அப்பா இப்போதே சொல்லிப் பதிவு செய்துவிடலாம்.

நான் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியோடு தமிழ் நின்றுபோய்விட்டது. தமிழ்த் தாத்தா பாட்டிகளிடம் தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயந்து ஆங்கிலத்திலேயே பேசுகிறேன். (செங்காங்)

தப்பும் தவறுமாகவே பேசுங்கள் டாக்டர். "நம்ம புள்ள" என்று அவர்களுக்கு உடனே ஒட்டிவிடும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: "நீங்க, வாங்க, சொல்லுங்க". அவசரத்தில் "நீ" வந்துவிட்டால் பாட்டிக்குச் சுருக்கென்று இருக்கும், வெளியே காட்ட மாட்டார். பாடப்புத்தகத் தமிழும் வேண்டாம். "வெளிய போனீங்களா?", "ஒன்னுக்குப் போறப்ப எரியுதா?", "தொட்டுப் பாக்கலாமா?" போதும்.

முதல் கேள்வியைக் கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள். 1984ல் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றில், நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டது தெரிந்தது. நம் பெரியவர்கள் நேராக விஷயத்துக்கு வர மாட்டார்கள். மருமகளில் தொடங்கி மழையில் நனைந்ததைச் சொல்லி, அப்புறம்தான் நெஞ்சுவலிக்கு வருவார்கள்.

அப்புறம், "சரி டாக்டர்" என்று தலையாட்டுவதை நம்பிவிடாதீர்கள். மரியாதைக்காகச் சொல்வது அது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரிந்தது என்றே பதில் வரும். "வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டா, இந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் காலையில் போடுவதை இரவில் போடுகிறார் என்பது வெளியே வரும்.

உங்கள் பெயரையும் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர் புற்றுநோயோடு தானே வார்டில் படுத்திருந்தபோது, வருகிறவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் தொடுகிறார்கள் என்று கவனித்தார். 2013ல் அதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார். 2016ல் இறந்துவிட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: வணக்கம், என் பெயர் இன்னது.

கட்டுமான வேலை. கையில் அடிபட்டு கிளினிக் போனேன். சூப்பர்வைசர் கூடவே உள்ளே வந்து எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். நான் எப்படி அடிபட்டது என்று சொல்ல முடியவில்லை. (துவாஸ்)

தம்பி, உடம்பு உங்களுடையது. "டாக்டர், நான் தனியாப் பேசணும்" என்று சொல்லலாம். ஆங்கிலம் வராவிட்டால் சூப்பர்வைசரைக் காட்டி, பிறகு கதவைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், மருத்துவ விடுப்புச் சான்றிதழைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் அடிபட்டால் வெளிநாட்டு ஊழியருக்கும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும்.

கிளினிக்கில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி யாரோடு வந்தாலும், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். தன் வேலை அனுமதியே முதலாளி கையில் என்று பயப்படும் பையன் அதைச் சொல்ல மாட்டான்.

பாட்டிக்கு முதுமை மறதி. குளிக்கக் கூப்பிட்டாலே கத்துகிறார். பணிப்பெண் மியன்மாரிலிருந்து வந்தவர், பாட்டிக்கோ தமிழ்தான். (புக்கிட் பாத்தோக்)

பாட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அடையாளம் தெரியாத ஒரு பெண் வந்து, புரியாத மொழியில் பேசி, சேலையை அவிழ்க்கிறாள். யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

பணிப்பெண்ணுக்கு ஏழு சொற்கள் கற்றுக்கொடுங்கள்: பாட்டி, வாங்க, தண்ணி, சூடு, சோப்பு, வலிக்குதா, முடிஞ்சுது. தண்ணீரை முதலில் பாட்டியின் கையிலும் காலிலும் ஊற்றச் சொல்லுங்கள்; தலையில் கடைசியில். பழைய காலத்தில் பாவாடையை மார்போடு கட்டிக் குளித்தவர் அவர், அப்படியே குளிக்கட்டும், அல்லது துண்டைப் போர்த்தியே குளிப்பாட்டட்டும். குளித்து முடித்ததும் பவுடர், பொட்டு, திருநீறு. ஒரு நாள் மறுத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், சண்டை வேண்டாம்.

தாத்தா எங்கே என்று கேட்டால், "அவர் செத்துப்போய் பத்து வருஷமாச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக இழவு விழுகிறது அவருக்கு. "தாத்தாவுக்கு என்ன சமைப்பீங்க?" என்று கேளுங்கள். பணிப்பெண்ணைப் பாட்டி முன்னால் திட்டாதீர்கள். உங்கள் கோபம் அடுத்த குளியலில் பாட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள். கனடாவில் சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள, உங்களைப் பற்றி ஒரு மனிதராக நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பாட்டியால் பதில் சொல்ல முடியாதென்றால் நீங்கள் சொல்லுங்கள். தையல்காரி, கணவர் போனபின் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், இடது காது கேட்காது, வெள்ளிக்கிழமை அசைவம் தொட மாட்டார். அதைப் படித்த தாதி அவரை "கட்டில் பன்னிரண்டு" என்று சொல்ல மாட்டாள்.

நாங்களும் மனிதர்கள்தானே சிஸ்டர்? நோயாளியின் உறவினர்கள் கத்துகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். அவர்களிடமும் கனிவா? (தாதி, தெம்பனிஸ்)

பயத்தில் கத்துகிறவருக்குக் கனிவு காட்டுங்கள்: "பயமா இருக்கா? உட்காருங்க, என்ன நடக்குதுன்னு சொல்றேன்." பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். திட்டுகிறவரிடம் ஒரு முறை எச்சரித்துவிட்டு விலகுங்கள், மேலதிகாரியைக் கூப்பிடுங்கள், எழுதிப் பதிவு செய்யுங்கள். 2014ல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் உங்களுக்கும் உண்டு. வாங்கிக் கட்டிக்கொள்வது தாதிமையில் சேராதும்மா.

மாமாவுக்கு நினைவே இல்லை. கடைசி நாட்கள் என்கிறார்கள். இனி அவரிடம் பேசி என்ன பயன்? (அங் மோ கியோ)

பேசுங்கள். கனடாவில் வான்கூவர் ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் மூளை அலைகளை அளந்து 2020ல் ஓர் ஆய்வு வெளியானது. கடைசி மணி நேரங்களில், எந்த அசைவும் இல்லாத சிலருடைய மூளைகூட ஒலிக்குப் பதில் காட்டியிருக்கிறது. அதனால் ஈமக்கிரியைச் செலவு, வீட்டை யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் அறைக்கு வெளியே. தாதி வாய் துடைக்க வந்தால் அவரும் மாமாவிடம் சொல்லிவிட்டே துடைக்கட்டும். சொல்லாமல் செய்தால் நீங்கள் சொல்லுங்கள்: "மாமா, வாய் துடைக்கிறாங்க."

எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதிக்குப் பணம் கொடுக்கலாமா? (ஜூரோங்)

வேண்டாம். பணம், நகை எதுவும் அவர்கள் வாங்கக் கூடாது. மருத்துவமனைக்கு எழுதுங்கள்: தாதியின் பெயர், வார்டு, தேதி, அவர் செய்தது என்ன. "நன்றாகப் பார்த்துக்கொண்டார்" என்று மட்டும் எழுதாமல், "அம்மாவைத் திருப்பும் முன் ஒவ்வொரு முறையும் சொன்னார்" என்று எழுதுங்கள். அடுத்து வரும் இளம் தாதிக்கு எதைச் செய்ய வேண்டும் என்று அதைப் படித்தே தெரிந்துவிடும்.