ரோஸ் நிறத்தில் ஒரு புளிப்பு: கிளோவர் கிளப் கேள்விகள்

சென்ற மாதம் கிளோவர் கிளப் காக்டெயிலைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஜின், எலுமிச்சைச் சாறு, ராஸ்பெர்ரி சிரப், முட்டை வெள்ளைக்கரு, குலுக்கி வடிகட்டவும், அவ்வளவுதான். அதை நம்பிச் செய்து பார்த்த வாசகர்களில் பாதிப்பேர் என்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். 22 வருடம் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவனுக்குக் கை தானாகச் செய்கிற வேலைகளை எழுத மறந்துவிட்டது. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, நீங்கள் எழுதியபடியே செய்தேன். கடையில் வாங்கிய ராஸ்பெர்ரி சிரப் ஊற்றினேன். இருமல் மருந்து மாதிரி இருந்தது. நுரை வரவே இல்லை, மேலே நாலு குமிழிதான். முட்டைக் கவிச்சி வேறு. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டார். எங்கே தவறினேன்?

மூன்று இடத்தில். முதலில் சிரப்பைப் பார்ப்போம்.

ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் எல்லோரும் இதை இனிப்புப் பானம் என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை. இது புளிப்புப் பானம். நாக்கில் முதலில் எலுமிச்சை தட்ட வேண்டும், பிறகு பழம், கடைசியில் ஜினுக்கு வாசம் தருகிற ஜூனிபர் காயின் மணம். பாட்டில் சிரப் பெரும்பாலும் கொதிக்க வைத்தது. ராஸ்பெர்ரியைக் கொதிக்க வைத்தால் அதன் பச்சை வாசனை போய் ஜாம் வாசனை வந்துவிடும். உங்கள் இருமல் மருந்து அங்கிருந்துதான் வந்தது.

வீட்டிலேயே செய்யுங்கள். 150 கிராம் ராஸ்பெர்ரி, 150 கிராம் சர்க்கரை. பழத்தைக் கரண்டியால் லேசாக நசுக்கி, சர்க்கரையைத் தூவி மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். நாலு மணி நேரத்தில் பழம் தானே சாறு விட்டிருக்கும். அதில் 75 மில்லி வெந்நீர் ஊற்றி, சர்க்கரை கரையும்வரை கலக்கி, டீ வடிகட்டியில் வடிய விடுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், கலங்கிவிடும். ஏறத்தாழ 200 மில்லி கிடைக்கும். ஃபிரிட்ஜில் பத்து நாள் தாங்கும். ஃபிரீசரில் உறைந்த பழமும் தாராளமாக ஆகும். உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால் சாறு இன்னும் சீக்கிரம் இறங்கும். விலை உயர்ந்த புதுப் பழத்தை நசுக்க எனக்கு மனசு வராது, நான் எப்போதும் உறைந்ததுதான்.

அடுத்தது எலுமிச்சை. அன்றன்றைக்குப் பிழிந்த சாறு. மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சை சரியானது. சின்னப் பச்சை எலுமிச்சையும் ஆகும், ஆனால் லேசாகக் கசப்பு தட்டும். எலுமிச்சையில் இன்னொரு நன்மை உண்டு. ராஸ்பெர்ரியின் நிறமி புளிப்பு பட்டால் பளிச்சென்று சிவக்கும். சாறு ஊற்றியதும் நிறம் விழித்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி நுரை. நீங்கள் எல்லாவற்றையும் ஐஸோடு சேர்த்து ஒரே தடவையில் குலுக்கியிருப்பீர்கள். வெள்ளைக்கரு குளிர்ந்துவிட்டால் நுரைக்கச் சோம்பல்படும். முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், 15 நொடி, வேகமாக. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். குலுக்கக் குலுக்க அந்தப் புரதம் சுருள் பிரிந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சையின் புளிப்பு அந்த நுரையை உடையாமல் தாங்கும். அப்புறம் பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு இன்னொரு 15 நொடி. ஷேக்கரின் வெளிப்புறம் பனி படர்ந்து விரல் ஒட்டுகிற அளவுக்குக் குளிர வேண்டும். பொடி ஐஸ் போட்டால் தண்ணீராகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐஸ் போட்டுக் குலுக்கும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொள்ளும். ஐஸ் இல்லாமல் குலுக்கும்போது அந்தப் பிடிப்பு கிடையாது, நுரை வேறு உள்ளிருந்து தள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இது தெரியாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் மீது முழு ஷேக்கரையும் கவிழ்த்த மாதிரி ஆயிற்று. நல்ல மனிதர், சட்டையைத் துடைத்துக்கொண்டே "ருசி பரவாயில்லை" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் சலவைக் காசு பிடித்தார்கள். ஆகவே ஒரு கை மூடி மேல், ஒரு கை அடியில்.

கவிச்சிக்கு வருகிறேன். நீங்கள் ஒருவருக்கு ஒரு முழு வெள்ளைக்கரு ஊற்றியிருப்பீர்கள். அது 30 மில்லி வரும், அதிகம். பாதி போதும். வழுக்கிக்கொண்டு மொத்தமாக விழுகிறதே, எப்படிப் பாதியாக்குவது என்றால், முள்கரண்டியால் பத்து தடவை அடித்தால் தண்ணீர் மாதிரி ஊற்ற வரும். முட்டை புதிதாக இருக்கட்டும். ஊற்றி முடித்ததும் எலுமிச்சைத் தோலை நுரைக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். அந்த எண்ணெய்த் துளிகளின் வாசனைதான் மூக்குக்கு முதலில் போகும். ஊற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் எந்தக் கொம்பன் செய்திருந்தாலும் கவிச்சி எழும். சூடு ஆறுவதற்குள் காபி குடிப்பதுபோல், குளிர் ஆறுவதற்குள் இதைக் குடித்துவிட வேண்டும்.

என் அளவு இது: ஜின் 45 மில்லி, டிரை வெர்மூத் (மூலிகை வாசனை சேர்த்த, இனிப்புக் குறைந்த ஒயின்) 15, எலுமிச்சைச் சாறு 15, சிரப் 15, வெள்ளைக்கரு 15. வெர்மூத் இல்லாமலும் செய்கிறார்கள். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறையில் அது இல்லை. என்னைக் கேட்டால் அந்த 15 மில்லிதான் பழத்தையும் ஜினையும் ஒன்றோடொன்று பேச வைக்கிறது. ஜின் வாங்கும்போது லண்டன் டிரை வகை போதும். பழ வாசனை சேர்த்த ரோஸ் நிற ஜின் வேண்டாம், மறுபடியும் இருமல் மருந்துக்கே போய்ச் சேருவீர்கள்.

மனைவியிடம் இன்னொரு வாய்ப்பு கேளுங்கள்.

கேள்வி: பச்சை முட்டை ஆபத்தில்லையா? மதுவில் கிருமி செத்துவிடும் என்கிறாரே என் நண்பர்?

நண்பர் சொல்வதை நம்ப வேண்டாம். குலுக்கிய பிறகு இதில் மதுவின் வீரியம் குறைந்துவிடும். முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்கிற கிருமியைச் சில நிமிடங்களில் கொல்ல அது போதாது. சந்தேகம் இருந்தால் பாஸ்டுரைஸ் செய்து, அதாவது மிதமாகச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று விற்கிற வெள்ளைக்கருவை வாங்குங்கள். வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் வேறு யோசனையே வேண்டாம், அதுதான்.

முட்டையே கூடாது என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் 20 மில்லி. உப்புப் போடாமல் வேகவைத்தது, முட்டை வெள்ளைக்கருப் பதத்துக்குச் சுண்டியது. முதலில் நானும் சிரித்தேன். குலுக்கிப் பார்த்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கேள்வி: ரோஸ் நிறம், நுரை, பழம்... இது பெண்கள் குடிக்கிறதுதானே? நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பிலடெல்ஃபியாவில் 1880-களில் தொடங்கிய கிளோவர் கிளப் என்கிற ஆண்கள் சங்கத்தின் பெயர்தான் இந்தப் பானத்துக்கு. எழுத்தாளர்களும் வக்கீல்களும் ஹோட்டலில் கூடிச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு, இதைக் குடித்தார்கள். அமெரிக்காவில் 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் போனது. அதற்குள் இதன் மவுசும் போய்விட்டது. 1934-இல் எஸ்கொயர் இதழ் மிக மோசமான பத்து காக்டெயில்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. இப்போது மறுபடி வந்துவிட்டது. 2008-இல் புரூக்ளினில் இதே பெயரில் ஒரு பார் கூடத் திறந்தார்கள். நிறத்துக்கு ஆண் பெண் எல்லாம் பிறகு வந்த வினை. கேலி செய்கிற நண்பருக்கு ஒன்று ஊற்றிக் கொடுங்கள். 45 மில்லி ஜின் உள்ளே இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எட்டுப் பேர் வருகிறார்கள். ஒவ்வொன்றாகக் குலுக்கினால் விடிந்துவிடும். மொத்தமாகச் செய்து வைக்கலாமா?

முட்டையைத் தவிர மற்றதைச் செய்து வைக்கலாம். ஜின் 360 மில்லி, வெர்மூத், சாறு, சிரப் மூன்றும் தலா 120. ஒரு பாட்டிலில் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்று மதியம் கலந்தது அன்று மாலைக்கு. ஆள் வந்ததும் 180 மில்லியோடு ஒரு முழு வெள்ளைக்கரு சேர்த்துக் குலுக்கினால் இரண்டு கிளாஸ். நாலு தடவையில் வேலை முடிந்தது. ஒரே ஷேக்கரில் நாலு பேருக்குத் திணிக்காதீர்கள், நுரைக்கு இடம் வேண்டும்.

கிளாஸ்களை முன்பே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஷேக்கர் இல்லை. மிக்ஸி போதுமா?

மிக்ஸி வேண்டாம், ஐஸ் பொடிந்துவிடும். திருகு மூடி போட்ட பெரிய ஜாம் பாட்டில் போதும். வடிகட்ட டீ வடிகட்டி. நான் இப்போது வீட்டில் அப்படித்தான் செய்கிறேன், ஷேக்கரைப் பேரன் மணல் அள்ள எடுத்துப் போய்விட்டான்.

கேள்வி: மாதுளை சிரப் கைவசம் இருக்கிறது. ராஸ்பெர்ரிக்குப் பதில் அதை ஊற்றலாமா?

ஊற்றலாம். பழைய செய்முறைகள் சிலவற்றிலேயே கிரெனடைன் என்கிற மாதுளை சிரப் உண்டு. ஆனால் பிங்க் லேடி என்கிற வேறு காக்டெயிலின் பக்கம் போய்விடுவீர்கள். கூடவே ஒரு புதினா இலை வைத்தால் கிளோவர் லீஃப் என்கிற காக்டெயில் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராஸ்பெர்ரியோடு வைத்தால் ஆகும்.

கேள்வி: மது இல்லாமல் இதையே செய்ய வழி உண்டா? மகள் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்கும் கையில் ஒரு கிளாஸ் கொடுக்க ஆசை.

பால் சேர்க்காத, ஆறிய, திடமான தேநீர் 45 மில்லி. ஜின் போனால் நாக்கைப் பிடிக்கிற ஏதாவது வேண்டும், தேநீரின் துவர்ப்பு அதைச் செய்யும். சாறு 15, சிரப் 15. வெர்மூத்தும் மதுதான், அதையும் விட்டுவிடுங்கள். முட்டை வேண்டவே வேண்டாம், கொண்டைக்கடலைத் தண்ணீர் 20 மில்லி. அதேபோல இரண்டு தடவை குலுக்கி, அதேபோல குளிர்ந்த கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள்.