பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில், பக்கத்தில் பக்கமாக இரண்டு வரைபடங்கள் இருக்கும்போது, இடது வரைபடத்தைக் கிளிக் செய்தாலும் கட்டளை வலதுபக்க வரைபடத்துக்கே போவது ஏன்?

சுட்டி எங்கே அழுத்தியது என்பதும், பைபிளாட் (மேட்பிளாட்லிப்பில் நாம் கட்டளையிடும் பகுதி) எதை 'நடப்பு' என்று நினைவில் வைத்திருக்கிறது என்பதும் வேறு வேறு. சாளரத்தில் கிளிக் செய்தால் நடப்பு ஃபிகர், அதாவது முழுப் படம், மாறும். ஆனால் அதற்குள் நடப்பாக இருக்கும் ஆக்சிஸ், அதாவது தனி வரைபடம், மாறாது. கடைசியாக உருவாக்கியதோ தேர்ந்தெடுத்ததோ எதுவோ, அதற்கே தலைப்பிடுவது போன்ற கட்டளை போய்ச் சேரும். மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் கிளிக் செய்த ஆக்சிஸே நடப்பாகிவிடும். அங்கிருந்து வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

கிளிக்கையும் நடப்பு ஆக்சிஸையும் நாமே இணைக்கலாம். ஃபிகரின் கேன்வாஸில் (வரையும் பரப்பில்) எம்பிஎல்-கனெக்ட் (mpl_connect) மூலம் 'பட்டன் பிரஸ் ஈவென்ட்' (button_press_event) என்ற கிளிக் நிகழ்வுக்கு ஒரு சின்னச் சார்பை (ஃபங்ஷனை) பதிவு செய்யுங்கள். எந்த ஆக்சிஸில் கிளிக் விழுந்தது என்று சொல்லும் நிகழ்வின் 'இன்ஆக்சிஸ்' (inaxes) மதிப்பை அந்தச் சார்பு எடுத்து, நடப்பு ஆக்சிஸை அமைக்கும் பைபிளாட்டின் 'எஸ்சிஏ'வுக்கு (sca) கொடுத்தால் போதும். ஓரத்து வெற்றிடத்தில் கிளிக் செய்தால் அந்த மதிப்பு 'None', அதாவது எதுவுமில்லை, என்று வரும். அதைச் சோதிக்காமல் விட்டால் பிழைச்செய்தி கிடைக்கும். ஜூம் செய்ய இழுக்கும்போதும் இந்த நிகழ்வு எழும். அப்போது தேர்வு மாற வேண்டாம் என்றால் கருவிப்பட்டையின் 'மோட்' (mode) காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேர்வு எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிய, அதே சார்பில் அந்த ஆக்சிஸைச் சுற்றியுள்ள சட்டக் கோடுகளைத் தடிமனாக்கிவிட்டு மறுபடி வரையச் சொல்லலாம். அப்புறம், ஸ்கிரிப்ட் எழுதும்போது இந்த வித்தையே வேண்டாம், ஆக்சிஸ் பொருளின் மீதே நேரடியாகக் கட்டளையிடுங்கள்.