ரிமோட்டில் மோட்டார்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் 60 மீட்டர், நடுவுல வாழை. ராத்திரி கரண்டு வந்தா டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓட வேண்டியிருக்கு. 5 எச்பி, மூணு பேஸ், பச்சை-சிவப்பு பொத்தான் ஸ்டார்ட்டர். ரிமோட் சர்க்யூட் நானே செய்யலாமா?
- விவசாயி, சேரன்மகாதேவி

பதில்: செய்யலாம். ஆனால் சர்க்யூட்டில் வரும் ரிலே (சின்ன கரண்டில் இயங்கும் மின்சுவிட்ச்) மோட்டாரைத் தொடவே கூடாது. 5 எச்பி ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு. சின்ன ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பிறகு அணையாது. விரல் செய்கிற வேலையை, அதாவது பொத்தானை ஒரு நொடி அமுக்கி விடுவதை மட்டும் ரிலே செய்யட்டும்.

433 மெகா ஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்-ரிசீவர் ஜோடி ஒன்று, எச்டி12இ (ரிமோட்டில் கட்டளையைக் குறியீடாக்குவது), எச்டி12டி (ரிசீவரில் அதைப் பிரித்துப் படிப்பது) ஐசி ஒவ்வொன்று, 12 வோல்ட் ரிலே 2, பிசி547 டிரான்சிஸ்டர் 3, 1என்4007 டயோடு 2, 1என்4148 டயோடு 2, 7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்) ஒன்று வாங்குங்கள். எச்டி12இ-யில் 15, 16ஆம் கால்களுக்கு நடுவே 1 மெகா ஓம். எச்டி12டி-யில் அதே கால்களில் 51 கிலோ ஓம். இது மாறினால் எவ்வளவு அமுக்கினாலும் எதுவும் நடக்காது.

ரிமோட்டுக்கு 4 பென்சில் செல் போதும். இதில் ஒரு குசும்பு உண்டு: எச்டி12இ-யின் 10, 11ஆம் கால்கள் சும்மா இருந்தால் 1, கிரவுண்டில் (சப்ளையின் மைனஸில்) தொட்டால் 0. ஆகவே ரிமோட்டின் பச்சைப் பொத்தானை 11ஆம் காலுக்கும் சிவப்பை 10ஆம் காலுக்கும் மாற்றிப் போடுங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு 1என்4148 வழியாக, சிக்னலை அனுப்பச் சொல்லும் 14ஆம் காலையும் கிரவுண்டுக்கு இழுக்க வேண்டும். டயோடின் கோடு போட்ட முனை பொத்தான் பக்கம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஒன்றும் நடக்காது, அது நல்லதுதான்.

ரிசீவர் பக்கம் எச்டி12டி-யின் 10ஆம் கால் ஸ்டார்ட் ரிலேக்கு, 11 ஸ்டாப் ரிலேக்கு; தலைக்கு ஒரு பிசி547, அதன் பேஸில் (base, டிரான்சிஸ்டரின் நடுக்கால்) 4.7 கிலோ ஓம். பலரும் கோட்டை விடுவது அடுத்ததில். எச்டி12டி கடைசியாக வந்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் ரிலே மூடியபடியே நின்றால், மோட்டார் ரூமில் சிவப்பை அமுக்கி விரலை எடுத்ததும் மோட்டார் மறுபடி கிளம்பும். கையை உள்ளே விட்டிருப்பவர் கதி என்ன? அதனால் இரண்டு எமிட்டர்களையும் கிரவுண்டில் போடாமல் மூன்றாவது பிசி547-இன் கலெக்டரில் சேருங்கள். அதன் எமிட்டர் கிரவுண்டில், பேஸ் 4.7 கிலோ ஓம் வழியாக எச்டி12டி-யின் 17ஆம் காலில். சரியான சிக்னல் வரும்வரைதான் 17 உயரும். விட்டதும் இரண்டு ரிலேயும் விழுந்துவிடும்.

ரிலே காயில்களின் குறுக்கே 1என்4007 தலைகீழாக, அதாவது கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்; மறந்தால் முதல் நாளே டிரான்சிஸ்டர் போகும். 12 வோல்ட் அடாப்டர் ரிலேக்கு, 7805 வழியாக 5 வோல்ட் ஐசிக்கும் ரிசீவருக்கும்.

ஸ்டார்ட் ரிலேயின் திறந்த முனைகள் (NO) ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக, ஸ்டாப் ரிலேயின் மூடிய முனைகள் (NC) அதன் சிவப்போடு தொடராக. கையால் போடுவதும் அணைப்பதும் வழக்கம்போலவே நடக்கும். கவனம்: ஸ்டார்ட்டர் காயில் 415 வோல்ட்டா என்று பாருங்கள். சின்ன ரிலே 250 வோல்ட்டுக்குத்தான். நியூட்ரல் இருந்தால் அதே கம்பெனி 240 வோல்ட் காயிலாக மாற்றுங்கள். இல்லையென்றால் 415-ஐ 240 ஆகக் குறைக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர். இந்த இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும், மெயினை இறக்கிவிட்டு.

ஆன்டெனா இரு பக்கமும் 17.3 செ.மீ. ஒற்றைக் கம்பி. ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் எட்டாது. வாழை முழுக்கத் தண்ணீர். அது சிக்னலைக் குடித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாழைத் தலைக்கு மேலே கம்பத்தில் கட்டுங்கள். 300 மீட்டர் என்றால் இந்த ஜோடியை நம்பாதீர்கள். சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரே கதி.

கேள்வி: ரிமோட்டில் அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறதே?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ரிலே முனைகளின் குறுக்கே 0.1 மைக்ரோ பாரட் கண்டென்சர் போட்டிருப்பீர்கள். 230 வோல்ட்டில் அது 7 மில்லி ஆம்பியர் கசியவிடும். எல்இடிக்கு அதுவே தாராளம். 100 ஓமோடு சேர்த்து அதைப் பல்பின் இரு முனைக்கும் குறுக்கே மாற்றுங்கள். எக்ஸ்2 என்று எழுதியதாக இருக்கட்டும். அப்படியும் எரிந்தால் ரிலே நியூட்ரலை வெட்டுகிறதா என்று டெஸ்டரால் பாருங்கள். பேஸைத்தான் (phase, கரண்டு வரும் கம்பி) வெட்ட வேண்டும்.

கேள்வி: நான் அமுக்கினால் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ஓடுகிறது. சண்டை வருகிறது.
- வாசகர், பணகுடி

பதில்: ஐசியில் 1 முதல் 8 வரை உள்ள கால்கள்தான் ஒரு ஜோடியின் அடையாள எண். இரண்டு பேரும் அவற்றைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். உங்கள் எச்டி12இ-யிலும் எச்டி12டி-யிலும் 1, 4, 7 கால்களை மட்டும் கிரவுண்டில் போடுங்கள். மொத்தம் 256 விதம் உண்டு.