சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம்: கழுத்துக் கட்டி காசநோயாக இருக்குமா?

இருக்கலாம். சளியும் மார்பு எக்ஸ்ரேவும் நுரையீரலைப் பற்றித்தான் சொல்லும், கழுத்துக் கட்டியைப் பற்றி அல்ல. உங்கள் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 90தான் என்கிறீர்கள். இந்த நிலையில் காசநோய் நுரையீரலுக்கு வெளியே தலைகாட்டுவது சகஜம், அதிலும் நிணநீர்க் கட்டிகளில். மாண்டூ ஊசி (காசநோய்க்கான தோல் பரிசோதனை) போட்ட இடம் தடிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். தடிப்பை உண்டாக்கும் அணுக்களே குறைந்துவிட்டன.

கட்டியில் ஊசி வைத்து எடுக்கும் மாதிரியை ஜீன்எக்ஸ்பர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), செல் பரிசோதனை (அணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) மூன்றுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நிணநீர்ப் புற்றும் இதே மாதிரி வீங்கும் என்பதால் செல் பரிசோதனையை விடக்கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மாதிரி முழுவதையும் ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவம்) போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. ஒரு பங்கு சலைனில் (உப்பு நீர்) தனியாகப் போகட்டும்.

கூடவே சிறுநீரில் காசநோய்க் கிருமியின் பொருளைத் தேடும் லாம் பரிசோதனை கேளுங்கள், அரை மணியில் தெரிந்துவிடும். நெகட்டிவ் வந்ததை மட்டும் வைத்துக் காசநோய் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

காசநோய் உறுதியானால், தம்பி எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறாரா என்று டாக்டரிடம் நினைவூட்டுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் வழக்கமாக டோலுடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருமுறை ஆக்குவார்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கட்டி இன்னும் வீங்கக்கூடும். பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

விடாத தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மூளையுறைக் காசநோய் நாள் கொடுக்காது.