காளையா, தராசா?

அன்புள்ள ஐயா,

இடைக்கால ஐரோப்பியக் குலச்சின்னங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கும் ஒன்று வரைந்தேன். சிவப்புக் கேடயம், நடுவில் கறுப்புக் காளை, மேலே தாத்தாவின் மளிகைக் கடைத் தராசு, கீழே புத்தகம், ஓரத்தில் மாமரம். படத்தை இணைத்திருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டு, "பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கு" என்கிறாள். எங்கே தவறினேன்? இதே சின்னம் வேறு யாரிடமாவது இருந்தால்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டம்மா சொன்னதுதான் சரி. படத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தேன். சிவப்புக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சியது, காளையைக் காணோம்.

அந்தக் காலத்துக் கட்டியங்காரர்கள், அதாவது குலச்சின்ன விவகாரங்களைக் கவனித்தவர்கள், வண்ணங்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். பொன், வெள்ளி இரண்டும் உலோகம். வரையும்போது மஞ்சளும் வெள்ளையும் போதும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிறம். நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வரக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான் காரணம். ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளி மேல் பொற்சிலுவைகள் உண்டு. ஆனால் நீங்களும் நானும் ஜெருசலேம் அரசர்கள் இல்லையே.

இரண்டாவது கேள்விக்கு ஒரு நீதிமன்ற வழக்கே இருக்கிறது. 1385இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் படை ஸ்காட்லாந்துக்குப் போனபோது, ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் குரோவ்னர் இருவரும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலத்தில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பொன் பட்டை. சாட்சி சொன்னவர்களில் கவிஞர் ஜெஃப்ரி சாசரும் ஒருவர். லண்டன் ஃப்ரைடே தெருவில் அந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்து, ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது என்று கேட்டாராம். இது ஸ்க்ரோப்புடையது இல்லை, குரோவ்னருடையது என்று பதில் வந்தது. அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன் என்றார் சாசர். எதிர்க்கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

தீர்ப்பு ஸ்க்ரோப் பக்கம். குரோவ்னர் வெள்ளிக் கரை சேர்த்து அதே பட்டையை வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். 1390இல் மன்னர் அதையும் மறுத்துவிட்டார்: கரை வித்தியாசமெல்லாம் பங்காளிகளுக்குச் சரி, அந்நியருக்குப் போதாது. குரோவ்னர் நீலத்தில் பொன் கோதுமைக் கட்டுக்கு மாறினார். கோபம் மட்டும் போகவில்லை போலும். அந்த வம்சத்து வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் குதிரை ஒன்று 1880இல் டெர்பி பந்தயத்தில் ஜெயித்தது. பெயர் 'பெண்ட் ஆர்': பறிபோன பொன் பட்டையின் பெயரேதான்.

அப்புறம், முக்கியமானது. சின்னம் என்பது படம் இல்லை, ஒரு வாக்கியம். களத்தின், அதாவது கேடயப் பின்னணியின், வண்ணம் முதலில், அதன் மேல் இருப்பது அடுத்து. 'நீலம், பொன் சாய்பட்டை' என்றால் எந்த ஓவியரும் வரைந்துவிடுவார். கோடு கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும் சின்னம் அதேதான். உங்களுடையதைச் சொல்லிப் பார்த்தேன், நடுவில் மூச்சு வாங்கியது.

காளை ஊரெல்லாம் இருக்கிறது, தராசுதான் உங்கள் வீட்டுப் பொருள். புத்தகமும் மாமரமும் போகட்டும். 'சிவப்பு, பொன் தராசு ஒன்று.' தட்டில் புளி, பருப்பு வைக்க மட்டும் ஆசைப்படாதீர்கள்.